சிஸ்டர், இந்த ஆராய்ச்சி எல்லாம் நமக்கு எதுக்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நர்ஸ் வேலைக்கு வந்து 17 வருடம் ஆகிறது. குமரி மாவட்டத்தில் இரண்டு தனியார் ஆஸ்பத்திரிகளில் இருந்தேன், நடுவில் 6 வருடம் சவூதி, இப்போது ஒரு நர்சிங் கல்லூரியில் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர். வாரத்தில் நாலு நாள் மாணவிகளோடு வார்டில்தான் நிற்கிறேன். தக்கலை பஸ்ஸில், கேன்டீனில், நைட் டியூட்டியில் மூன்று மணிக்குக் கட்டன் சாயா ஊற்றும்போது என்று பல இடங்களில் திரும்பத் திரும்ப என்னிடம் வந்த கேள்விகள் இவை. வந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன், ஒழுங்கு எதிர்பார்க்க வேண்டாம்.

இ.பி.பி., இ.பி.பி. என்கிறார்களே, அது என்ன? ஒரு வரியில் சொல்லுங்க.

ஒரு வரியில் அடங்காது. எவிடன்ஸ் பேஸ்டு பிராக்டிஸ் என்பதன் சுருக்கம், சான்று சார்ந்த செவிலியப் பணி என்று பாடப்புத்தகத்தில் வரும். டேவிட் சாக்கெட் என்ற மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் 1996-ல் கொடுத்த விளக்கத்தைத்தான் இன்றும் எல்லோரும் சுற்றிச் சுற்றிச் சொல்கிறார்கள். நல்ல ஆய்வுகள் என்ன சொல்கின்றன, உங்கள் கை அனுபவம் என்ன சொல்கிறது, எதிரே படுத்திருக்கும் ஆளுக்கு என்ன வேண்டும், இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்து முடிவெடுப்பது. அடுப்புக்கு மூன்று கல் மாதிரி, ஒன்றை எடுத்தால் பானை சரியும். "ஆராய்ச்சிக் கட்டுரை சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு செய்" என்று இதற்கு அர்த்தமே கிடையாது. பலர் அப்படி நினைத்துக்கொண்டுதான் முதல் நாளே முகத்தைச் சுளிக்கிறார்கள்.

நர்ஸுகளுக்கு ஆராய்ச்சி என்றாலே பிடிக்காது என்கிறார்களே, உண்மையா?

இல்லை. இதை யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வரும்.

"ஆராய்ச்சி முடிவுகளை வேலையில் பயன்படுத்துவது பற்றி என்ன நினைக்கிறீர்கள்" என்று பல நாடுகளில் நர்ஸுகளிடமே கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் திரும்பத் திரும்ப வரும் பதில் ஒன்றுதான்: நல்லது, தேவை, கற்றுக்கொள்ளத் தயார். ஆனால் வார்டில் எவ்வளவு நடக்கிறது என்று பார்த்தால் எண்ணிக்கை தொப்பென்று விழும். அந்த இடைவெளி எங்கே இருக்கிறது என்று தேட, அமெரிக்காவில் சாண்ட்ரா ஃபங்க் என்பவரும் உடன் வேலை பார்த்தவர்களும் 1991-ல் 29 தடைகளைப் பட்டியல் போட்டு, எது எவ்வளவு தடுக்கிறது என்று நர்ஸுகளையே கேட்டார்கள். முதல் இடங்களில் வந்தவை இரண்டு. நோயாளியைப் பராமரிக்கும் முறையை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. எனக்கு நேரம் இல்லை. அதே பட்டியலை வைத்து எத்தனையோ நாடுகளில் கேட்டாயிற்று, இந்த இரண்டும் மேலே வந்துகொண்டேதான் இருக்கின்றன.

அதனால் "நர்ஸுகளின் மனப்பான்மை சரியில்லை, ஒரு வகுப்பு எடுத்தால் சரியாகிவிடும்" என்று கருத்தரங்கு போட்டு, சமோசா கொடுத்து, சான்றிதழ் கொடுத்து அனுப்புவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மனசு ஏற்கெனவே இருக்கிறது. சாவிதான் வேறு யார் இடுப்பிலோ தொங்குகிறது.

அப்புறம் ஏன் ரிசர்ச் என்றதும் எல்லாருக்கும் கசக்குது?

படித்த விதம் அப்படி. நம் கல்லூரிகளில் ரிசர்ச் என்றால் கடைசி வருட புராஜெக்ட். நாலைந்து பேர் ஒரு குழு. தலைப்பைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்: ஏதோ ஒரு விஷயம் பற்றி ஏதோ ஒரு கூட்டத்துக்கு எவ்வளவு தெரிகிறது என்று கேள்வித்தாள் கொடுப்பது, ஒரு ஸ்ட்ரக்சர்டு டீச்சிங் புரோகிராம் நடத்துவது, மறுபடி அதே கேள்வித்தாளைக் கொடுப்பது. பாடம் எடுத்த பிறகு மார்க் கூடியிருக்கும். கூடாமல் என்ன செய்யும்? அதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி எதற்கு?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குழுவுக்கு 60 பேர் வேண்டும். முதல் சுற்றுக்கு ஒரு கடற்கரை ஊரில் 60 அம்மாமாரைப் பிடித்துவிட்டோம். அடுத்த வாரம் போனால் பாதிப் பேர் இல்லை, ஒரு வீட்டில் கல்யாணம், சிலர் மீன் விற்கப் போய்விட்டார்கள். சமர்ப்பிக்கும் தேதியோ நெருங்கிவிட்டது. மீதிக் கேள்வித்தாளை ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து நாங்களே டிக் அடித்தோம். யாரும் கேட்கவில்லை. கெட்டி அட்டை போட்டு, தங்க எழுத்தில் பெயர் அடித்து, லைப்ரரி அலமாரியில் போய் உட்கார்ந்தது. ஆராய்ச்சி என்றால் பொய் எழுதுவது என்று இப்படிப் பழகி வந்த பெண், வேலைக்குச் சேர்ந்த பிறகு ஆராய்ச்சியை எப்படி நம்புவாள்? எனக்கே அந்தக் கசப்பு போக எட்டு வருடம் ஆனது.

20 வருட அனுபவம் இருக்கு சிஸ்டர். அது போதாதா?

அனுபவம் வேண்டும். ஆனால் தப்பான ஒன்றை 20 வருடம் செய்தாலும் கை நன்றாகத்தான் பழகும், அதுதான் சிக்கல்.

மூக்கு வழியே வயிற்றுக்கு உணவு கொடுக்கும் ரைல்ஸ் டியூப் போட்டால் வயிற்றில்தான் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பீர்கள்? சிரிஞ்சில் 10 மில்லி காற்றை இழுத்து, டியூப் வழியே தள்ளி, வயிற்றின் மேல் ஸ்டெத் வைத்து "புஸ்" என்று சத்தம் கேட்டால் சரி. நானும் அப்படித்தான் படித்தேன், நூற்றுக்கணக்கில் செய்தேன். முன்பு வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் ராத்திரி, பக்கவாதம் வந்த ஒரு தாத்தாவுக்கு டியூப் போட்டோம். சத்தம் தெளிவாகக் கேட்டது. இன்னொரு சிஸ்டரும் கேட்டுவிட்டு சரி என்றார். ஆனால் அவர் மூச்சு விடுவதைப் பார்க்க எனக்கு என்னவோ போல் இருந்தது. ஃபீட் கொடுக்காமல், திட்டு வாங்கிக்கொண்டே எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். டியூப் வலது நுரையீரலுக்குள் இருந்தது. நுரையீரலில் இருந்தாலும் உணவுக்குழாயில் இருந்தாலும் அந்தச் சத்தம் வயிறு வரை கடந்து வரும் என்று அப்புறம்தான் படித்தேன். பிரிட்டனில் இந்தக் காற்று டெஸ்டை நம்பக்கூடாது என்று 2005-லேயே எச்சரிக்கை விட்டுவிட்டார்கள். டியூபிலிருந்து உறிஞ்சி எடுக்கும் திரவத்தை, அமிலத் தன்மை காட்டும் பி.எச். பேப்பரில் வைத்தால் 5.5 அல்லது அதற்குக் கீழே வர வேண்டும், வராவிட்டால் அல்லது சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே. இது அவர்கள் வழி.

கவனியுங்கள், அன்று தாத்தாவைக் காப்பாற்றியது கட்டுரை இல்லை, "என்னவோ போல் இருக்கிறது" என்ற என் அனுபவம்தான். அதனால்தான் மூன்று கல் என்கிறேன். ஆனால் அதே அனுபவம்தான் பத்து வருடம் அந்தச் சத்தத்தை நம்ப வைத்ததும்.

அனுபவசாலிகள் ஏற்க மறுப்பது புதிதும் இல்லை. 1847-ல் வியன்னாவில் செம்மல்வைஸ், பிணப் பரிசோதனை செய்துவிட்டுப் பிரசவ வார்டுக்கு வரும் மருத்துவர்களைக் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வைத்தார். தாய்மார் சாவு மளமளவென்று குறைந்தது. அதற்கு முன்பே, மருத்துவ மாணவர்கள் பார்த்த வார்டைவிட மிட்வைஃப் பயிற்சி வார்டில் சாவு குறைவாகத்தான் இருந்தது (இதை எங்கள் மாணவிகளிடம் சொல்லும்போது எனக்கு ஒரு தனி சந்தோஷம்). அப்படியும் பெரிய டாக்டர்கள் பலர் அவரை ஏற்கவில்லை.

வென்ஃப்ளானை மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றியே ஆகணுமா?

என்னிடம் அதிகம் வந்த கேள்வி இது. வென்ஃப்ளான் என்றால் மருந்து ஏற்ற கை நரம்பில் போட்டு வைக்கும் குழாய், கேனுலா என்றும் சொல்வோம். நரம்பு கிடைக்காத பாட்டிமாரின் கையைப் பார்த்துவிட்டு எல்லா மாணவியும் கேட்பாள்.

கிளேர் ரிக்கார்ட் என்ற ஆஸ்திரேலிய நர்ஸ் இதே கேள்வியைக் கேட்டார். 3,283 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மூன்றாம் நாள் கட்டாயமாக மாற்றினார்கள், மறு பாதிக்கு வலி, சிவப்பு, வீக்கம், கசிவு, அடைப்பு என்று ஏதாவது காரணம் வந்தால் மட்டும் மாற்றினார்கள். நரம்பு வீங்கிப் புண்ணாவது இரண்டு பக்கமும் 7 சதவீதம். கட்டாயமாகக் குத்தியதால் ஒரு லாபமும் இல்லை. 2012-ல் லான்செட்டில் வந்தது. ஒரு நர்ஸ் வார்டில் கேட்ட கேள்வி உலகத்தின் பெரிய மருத்துவ இதழில் வந்தது என்பதை நான் கொஞ்சம் சத்தமாகவே சொல்வேன்.

ஆனால் ஒன்று. "மாற்ற வேண்டாம்" என்பதை "பார்க்க வேண்டாம்" என்று எடுத்துக்கொண்டால் கதை கெட்டது. ஒவ்வொரு ஷிஃப்டிலும் பிளாஸ்டரைத் தொட்டு, அமுக்கி, வலிக்கிறதா என்று கேட்க வேண்டும். வி.ஐ.பி. ஸ்கோர் என்று 0 முதல் 5 வரை ஓர் அளவு உண்டு, 2 வந்தால் அந்த இடத்தை விட்டு எடுத்துவிட வேண்டும். பயன்படுத்தாத கேனுலாவை வைத்திருக்கவே கூடாது. பார்க்க ஆள் இல்லாத வார்டில், மூன்று நாள் விதியைத் தூக்கிவிடச் சொல்ல எனக்கும் தைரியம் வராது.

சரி, இதையெல்லாம் போய்ச் சொன்னால் இன்சார்ஜ் சிஸ்டர் ஒப்புக்கொள்வாரா? டாக்டர்?

உடனே மாட்டார்கள். நீங்களாக விதியை மாற்றவும் கூடாது, ஏதாவது நடந்தால் தலை உருளுவது உங்களுடையது.

நான் செய்ததைச் சொல்கிறேன். சவூதியிலிருந்து வந்த புதிதில் "அங்கே இப்படித்தான் செய்வோம்" என்று ஹேண்டோவரில் பேசிப் பேசி எல்லார் வெறுப்பையும் சம்பாதித்தேன். ஒரு சேச்சி முகத்துக்கு நேரே, "மக்கா, அங்கே ஏசி, இங்கே ஃபேன்" என்றார். அடுத்த முறை வாயைத் திறக்கவில்லை. ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, எங்கள் வார்டில் 30 நாளுக்கு எத்தனை வென்ஃப்ளான் போட்டோம், எத்தனை கை வீங்கியது, எத்தனை மூன்று நாளைக்கு முன்பே தானாகக் கெட்டது என்று எழுதி வைத்தேன். மூன்று நாள் விதி இருந்தும் பல கேனுலாக்கள் இரண்டாம் நாளே வீங்கியிருந்தன. ஏன் என்று தேடினால், முழங்கை மடிப்பில் போடுவதும், பிளாஸ்டர் வியர்வையில் பிரிவதும்தான் காரணம். அந்த நோட்டை இன்சார்ஜ் சிஸ்டரிடம் காட்டியபோது வாதமே வரவில்லை, அவர் வார்டு, அவர் எண்ணிக்கை. அடுத்த வாரம் அவரே, "மடிப்பில் போடாதீங்க பிள்ளைகளே" என்று சொல்ல ஆரம்பித்தார். லான்செட் கட்டுரையை நான் காட்டியது அதற்கு ஒரு மாதம் கழித்து.

டாக்டர்களிடம் ரவுண்ட்ஸ் நடுவில், எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். ரவுண்ட்ஸ் முடிந்து கை கழுவும் இடத்தில், "சார், இதைப் படித்தேன், நம்ம வார்டுக்குச் சரியா வருமா?" என்று கேளுங்கள். பாதிப் பேர் படித்துவிட்டு வந்து பேசுவார்கள். மீதிப் பாதி, சரி, விடுங்கள்.

நேரம் எங்கே இருக்கு? ஒரு ஷிஃப்டில் 20 பேரைப் பார்க்கிறேன்.

உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கஷ்டத்துக்கே சான்று இருக்கிறது, அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். லிண்டா எய்க்கன் என்ற நர்ஸ் ஆராய்ச்சியாளரும் குழுவும் 9 ஐரோப்பிய நாடுகளில் 300 ஆஸ்பத்திரிகளில், ஆபரேஷன் செய்துகொண்ட 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்து 2014-ல் வெளியிட்டார்கள். ஒரு நர்ஸின் தலையில் கூடுதலாக ஒரு நோயாளி ஏறினால், 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. ஆள் கேட்டுப் போகும்போது "கால் வலிக்குது சார்" என்பதைவிட இது கனமாக விழும். நர்சிங் ஆராய்ச்சி நர்ஸுக்கே ஆயுதமாவது இந்த இடத்தில்தான், இதை வகுப்பில் யாரும் சொல்வதில்லை.

இன்னொன்று, சான்றைப் பார்த்தால் வேலை கூடும் என்று மட்டும் நினைக்க வேண்டாம், சில வேலை குறையும். ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி பிளேடு வைத்து ஷேவிங் செய்வோமே, அது தோலில் கண்ணுக்குத் தெரியாத வெட்டு விழுந்து தொற்றைக் கூட்டுகிறது. முடியை எடுக்க வேண்டாம், எடுத்தே ஆகவேண்டுமென்றால் கிளிப்பர் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் சொல்லியாயிற்று. பிரசவத்துக்கு வருபவர்களுக்கு வழக்கமாக எனிமா கொடுப்பதும் தேவையில்லை. இரண்டும் நம் தலையில் இருந்த வேலைகள்.

எனக்கு இங்கிலீஷ் வராது. தமிழ் மீடியம், ஜி.என்.எம். கட்டுரை எப்படிப் படிப்பேன்?

முழுக் கட்டுரையையும் முதல் வரியிலிருந்து படிக்காதீர்கள், நானும் படிப்பதில்லை. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் இணையதளத்தில் தேடினால் சுருக்கம் இலவசமாக வரும். அதில் முதலில் முடிவுரை, அப்புறம் எத்தனை பேரிடம் செய்தார்கள், அப்புறம் அவர்கள் நம் நோயாளி மாதிரி ஆட்களா. காக்ரேன் என்ற அமைப்பு ஒரே விஷயம் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்து அலசி, எளிய மொழிச் சுருக்கமும் போடுகிறது. அவற்றில் சில தமிழிலேயே இருக்கின்றன, அங்கே தொடங்குங்கள்.

தேடும் முன் கேள்வியை நறுக்கென்று வையுங்கள். பிக்கோ என்பார்கள்: யாருக்கு, என்ன செய்கிறோம், எதோடு ஒப்பிடுகிறோம், எது மாற வேண்டும். "பெட்சோர் பற்றி" என்று தேடினால் கடலில் விழுவீர்கள்.

வாட்ஸ்அப் குரூப்பில் வருவதும் சான்றுதானே?

இல்லை.

புத்தகம் ஒன்று சொல்லுது, வீட்டுப் பெரியவங்க வேறு சொல்றாங்க. யார் பக்கம் நிற்க?

எடை குறைந்த குழந்தையைத் தாயின் நெஞ்சோடு தோலும் தோலும் ஒட்ட வைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள், கங்காரு முறை. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில் தொடங்கியது. இந்தியாவும் சேர்ந்த ஐந்து நாட்டு ஆய்வு 2021-ல் வந்தது. குழந்தையின் நிலை சீராகும்வரை காத்திருக்காமல் பிறந்த உடனே இதைத் தொடங்கினால், முதல் 28 நாளில் குழந்தைச் சாவு 25 சதவீதம் குறைகிறது. இதைவிடப் பெரிய சான்று கிடைப்பது அபூர்வம்.

ஆனால் வார்டில் நடப்பது என்ன? குளச்சல் பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டி, "பிள்ளைக்குத் துணி இல்லாம குளிர் பிடிச்சுப் போவும், நாலு ஆளு வந்து போற இடத்துல எம்மவ எப்படி உடுப்பைத் திறந்துட்டு இருப்பா" என்று ஒரே பிடியாக நின்றார். பாதி சொன்னது சரி. திரை இல்லை. சான்றைச் சொல்லி அவரை மடக்குவதை விட்டு, பழைய பெட்ஷீட் இரண்டைக் கயிற்றில் கட்டினோம். குழந்தையின் உடம்புச் சூட்டைப் பாட்டி முன்னாலேயே தெர்மாமீட்டரில் பார்த்து, அரை மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தோம். அதற்கு அப்புறம் மகளுக்குக் களைப்பு வந்தால் மருமகனை உட்காரச் சொல்லி விரட்டியது அதே பாட்டிதான். அப்பாவும் செய்யலாம், தெரியுமா?

நான் கிராம சுகாதார செவிலியர். இதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக் கதை. எனக்கு என்ன?

பி.பி. பார்க்கிறீர்கள் அல்லவா, அது போதும். பால் வெட்டிவிட்டு ரப்பர் காட்டிலிருந்து மேடு ஏறி வந்த ஆளை, வந்த மூச்சிலேயே ஸ்டூலில் உட்கார வைத்து, சட்டைக் கைக்கு மேலேயே பட்டை சுற்றி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே பார்த்தால் வரும் எண் அவருடையதே இல்லை. 5 நிமிடம் உட்கார விடுங்கள், முதுகு சாய்ந்திருக்க, கால் தரையில் பட, கை நெஞ்சு மட்டத்தில், வெறும் கையில் பட்டை, பேச்சு வேண்டாம், இரண்டு முறை. சாயா குடித்திருந்தால் அரை மணி பொறுங்கள். அந்த எண்ணை வைத்துத்தான் ஆயுள் முழுக்க மாத்திரை தொடங்குகிறார்கள். வீட்டு வாசலில் இதை ஒழுங்காகச் செய்தால் அதுவும் இ.பி.பி.தான்.

ஆராய்ச்சி எல்லாம் வேலூரிலும் டெல்லியிலும் நடக்கும். நம்ம ஊரில் நடக்குமா?

நெய்யூர் எங்கே இருக்கிறது? நம் குமரி மாவட்டத்தில்தானே. 1922-லும் 1924-லும் எவரெஸ்ட் ஏறப் போன ஹோவர்ட் சோமர்வெல், லண்டனில் பெரிய வாழ்க்கையை விட்டுவிட்டு நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் பல வருடம் அறுவை மருத்துவராக இருந்தார். தென் திருவிதாங்கூர் ஜனங்களுக்குக் குடற்புண் ஏன் இவ்வளவு வருகிறது என்று யோசித்து, இங்கே செய்த ஆபரேஷன்களை வைத்து எழுதினார். கேள்வி நம் வயிற்றிலிருந்து கிளம்பியதுதான். அந்த ஆபரேஷன் முடிந்த ராத்திரிகளில் கட்டில் பக்கத்தில் இருந்து நாடி எண்ணியவர்கள் யார் யாராக இருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

நீங்கள் வார்டில் நோட்டுப் போட்டு எண்ணினால் அது ஆடிட், இன்சார்ஜின் சம்மதம் பெரும்பாலும் போதும். நோயாளிகளை இரண்டாகப் பிரித்துப் புதிதாக ஏதாவது செய்து பார்க்கவோ, முடிவை ஆய்வுக் கட்டுரையாகப் போடவோ நினைத்தால் முதலில் நெறிமுறைக் குழுவிடம் போக வேண்டும், நோயாளியின் ஒப்புதலும் வேண்டும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் இருக்கிறது. ஹாஸ்டல் கட்டிலில் டிக் அடிக்கக் கூடாது.

வெளிநாட்டு வேலைக்கு இது உதவுமா?

உதவும். பிரிட்டனில் நர்ஸுகளுக்கான நடத்தை விதியிலேயே, கிடைக்கும் நல்ல சான்றின்படி வேலை செய் என்று எழுதியிருக்கிறது. இன்டர்வியூவில் "நீங்கள் மாற்றிய ஒரு பழக்கம் சொல்லுங்கள்" என்று கேட்டால் மனப்பாடம் செய்த பதில் மூன்றாவது கேள்வியில் உடைந்துவிடும், நோட்டு வைத்திருந்தவள் தப்பிப்பாள்.

கடைசியா ஒண்ணு. அந்த வார்டில் இப்போ வென்ஃப்ளானை எப்போ மாத்துறாங்க?

போன மாதம் மாணவிகளோடு போனேன். ஒரு யூனிட் டாக்டர் இன்னும் மூன்று நாள்தான் என்கிறார், அவர் நோயாளிகளுக்கு அப்படியே மாற்றுகிறார்கள். மற்ற கட்டில்களில் பார்த்து மாற்றுகிறார்கள். நோட்டு இப்போது மூன்றாவது நோட்டு, எழுதுவது நான் இல்லை, ஒரு புதுப் பெண். பி.எச். பேப்பருக்கு இன்டென்ட் போட்டிருக்கிறார்கள், இன்னும் வரவில்லை.